காலி நாற்காலி தொடர்பாக

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: அண்ணி, அண்ணன், அம்மா, பதிப்பாளர், நான். அண்ணி சன்னலுக்குக் கீழே தரையில், சுவரில் சாய்ந்து கால்களை நீட்டியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. அண்ணன் அவளுக்கு எதிரே சோபாவில், பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து நேராக வந்ததால் அவன் பக்கம் கிரீஸ் வாடை அடித்தது. அம்மா மேஜைக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள்; நின்றவர்களையும் இருந்தவர்களாகக் கணக்கில் கொள்வது என் வழக்கம். பதிப்பாளர், அம்மா உட்காராத அம்மாவின் நாற்காலியில். நான் மின்விசிறிக்கு நேர் கீழே என் நாற்காலியில், மடியில் எழுதும் அட்டையோடு. கூடத்தில் காற்று ஒழுங்காக வருகிற ஒரே இடம் அதுதான். பதிப்பாளர் வந்ததிலிருந்து அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

எங்கள் வீட்டிலிருந்து முக்கியமான கடிதம் எது போவதானாலும் இப்படி எல்லோரும் கூடி, நான் படித்துக் காட்டி, ஒருவரும் மறுப்புச் சொல்லாத பிறகுதான் போகும். முன்பொரு முறை வீட்டுக்காரருக்கு, வீட்டைக் காலி செய்கிறோம் என்று அண்ணியும், வீட்டுக்கு வெள்ளையடித்துத் தரவேண்டும் என்று அண்ணனும் ஒரே நாளில் தனித்தனியாக எழுதி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. குடிநீர் வாரிய அலுவலகத்தில் எனக்குக் கடிதம் எழுதுவதுதான் வேலை என்பதால் பேனா என்னிடம் வந்து சேர்ந்தது.

அன்றைய கடிதம் ஆஸ்பத்திரிக்கு. தலைமை நர்ஸ் அண்ணிக்கு எழுதியிருந்ததை முதலில் படித்தேன்.

"மதிப்பிற்குரிய ஓவியர் அவர்களுக்கு, எங்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு அறையில் தாங்கள் அன்பளிப்பாகத் தந்த படம் மாட்டப்பட்டிருப்பது எங்களுக்குப் பெருமை. ஆனால் அதில் காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்து, காத்திருப்பவர்கள் கலங்குகிறார்கள். படத்துக்குக் கீழே உள்ள எங்கள் நாற்காலியிலும் இப்போது யாரும் உட்காருவதில்லை. கூட்டம் நெரிகிற நாளிலும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். எனவே, படத்தில் அந்த நாற்காலியில் யாராவது ஒருவரை உட்காரவைத்துத் தர இயலுமா? ஆணோ பெண்ணோ, தங்கள் விருப்பம். இயலாதெனில் படத்தைப் பொருள் வைப்பறைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

"பொருள் வைப்பறை எனக்குத் தெரியும்" என்றான் அண்ணன். "அந்த லிஃப்ட் நான்தானே பாக்கறேன். கீழ்த்தளத்துல இருக்கு. உடைஞ்ச சக்கர நாற்காலி பூரா அங்கதான் கிடக்கு. நம்ம நாற்காலிக்கு நல்ல துணை."

அண்ணி சிரிக்கவில்லை.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அண்ணனுக்கு வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. காலையில் உள்ளே கொண்டு போனவர்கள் மாலைவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதே காத்திருப்பு அறையில் அண்ணி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவன் பிழைத்து வந்து, எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு அவள் வரைந்தது அது. ஒரு சுவர், அதை ஒட்டி ஒரே வரிசையில் நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கையை வைத்துக்கொண்டு. நடுவில் மட்டும் ஒரு நாற்காலி காலி. வெளிச்சம் அதன்மேல்தான் விழும். விலைக்குக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டாள்.

அண்ணி எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவள். ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு. அதற்கு நாள் கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் சும்மா இருக்கமாட்டாமல் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். படம் என்றால் என்ன, வரைகிறவனுக்கு உலகத்தில் என்ன வேலை, பார்க்கிறவனுக்கு அதில் என்ன பங்கு என்று. அவளோடு ஓவியக் கல்லூரியில் படித்தவர் பதிப்பாளர். எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டார், இழுத்துக்கொண்டே போவார் என்பதால் அந்தக் காலத்திலேயே அவருக்குக் காற்புள்ளி என்று பெயர் வைத்தவள் அண்ணி. அந்தத் தாள்களை வாங்கிப் படித்தவர், புத்தகமாகப் போட்டே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். 'வண்ணம் காயும் நேரம்' என்று பெயர். அச்சுக்குப் போகத் தயார். அட்டையில் அதே படம், அதே காலி நாற்காலி. அட்டைகள் முன்கூட்டியே அச்சாகி எங்கள் நடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கடைசிக் கட்டுரையின் மெய்ப்பில் அண்ணி கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. அதற்காகத்தான் அவர் வந்திருந்தார்.

அந்தக் கடைசிக் கட்டுரையில் இப்படி இருக்கிறது:

"படத்தை முடிப்பது வரைகிறவனின் கை என்று நினைக்கிறோம். கை ஓர் இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். பிறகு யாரோ ஒருவர் வந்து அதன் முன்னால் நின்று, தன் வாழ்க்கையிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுகிறார். அப்போதுதான் அது முடிகிறது. முடிந்த படத்துக்குத் திரும்பிப் போய்க் கை வைக்கிற ஓவியன், கல்யாணமான மகள் வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து டப்பாக்களை மாற்றி அடுக்குகிற தாயைப் போன்றவன். அன்புதான் காரணம். ஆனால் அது அவன் சமையலறை அல்ல."

இதை நான் வாசித்தபோது அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இது என்னைப் பத்தித்தானே?"

"பொதுவா எழுதினது அத்தை" என்றாள் அண்ணி.

"எனக்கு ஒரே பொண்ணு. அவ வீட்டு டப்பாவை நான் ஒரே ஒரு தடவைதான் மாத்தி வச்சேன். உப்பும் சோடா மாவும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. குடும்பத்தோட வயித்தால போயிருக்கும். அதுக்குப் புத்தகத்துல ஏத்திட்ட."

"அம்மா, பேரு போடலையே" என்றான் அண்ணன்.

"எனக்குத் தெரியும்ல."

பதிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். "விஷயத்துக்கு வருவோம், அதாவது, ஆஸ்பத்திரிக்கு முடியாதுன்னு மரியாதையா ஒரு பதில், ஏன்னா இன்னைக்கு நாற்காலில ஆளை உட்காரவைன்னு சொல்லுவாங்க, நாளைக்குச் சுவத்துக்குப் பச்சை அடின்னு சொல்லுவாங்க, அப்புறம் புத்தகத்துல ஒண்ணு எழுதிட்டு வெளியில வேற ஒண்ணு செஞ்சா, படிக்கிறவன்,"

"படிக்கிறவன்?" என்றாள் அண்ணி.

"நீ எழுதின எதையும் நம்பமாட்டான்."

அதுதான் சிக்கல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முடியாது என்று எழுதினால் படம் கீழ்த்தளத்துக்குப் போகும். அந்த நாளின் நினைவாக அவளிடமிருந்து வந்தது அந்த ஒரு படம்தான். சரி என்று எழுதினால், பல ஆண்டுகளாக நம்பி, எழுதி, ஊருக்கெல்லாம் சொல்லப்போகிற விஷயத்தைப் புத்தகம் வெளிவருவதற்கு முன்பே அவளே உடைத்ததாகும்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றாள் அம்மா. கோபம் இன்னும் குரலில் இருந்தது. "படத்தை முடிக்கிறது பாக்கறவங்கன்னு நீதானே எழுதியிருக்க. அப்படின்னா பாதிப் பங்கு அவங்களுது. பாதிப் பங்குக்காரங்க வந்து, இப்படி இருந்தா எங்களுக்குப் பயமா இருக்குன்னு சொல்றாங்க. நீ மாத்தமாட்டேங்கற. அப்ப பங்கு எங்க இருக்கு? பேச்சுலதான்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்து அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அதெல்லாம் விடுங்க. அவங்க பயப்படறதே தப்பான விஷயத்துக்கு" என்றான். "அந்த நாற்காலி செத்துப்போனவங்களோடது இல்ல. என்னோடது. நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். வேணும்னா நான் போய் அந்தப் படத்துக்குக் கீழ நின்னு, நான்தாங்க அந்த நாற்காலி, நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வரேன்."

"தினமுமா?" என்றேன்.

"லிஃப்ட் பாக்கப் போறப்ப."

நான் இரண்டு வரைவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்று சம்மதம், ஒன்று மறுப்பு. இரண்டையும் படித்தேன். மறுப்பில் 'கலைஞரின் சுதந்திரம்' என்று ஒரு சொல் வந்தது. அண்ணி முகத்தைச் சுளித்தாள். சம்மதத்தில் 'தங்கள் விருப்பப்படியே' என்று வந்தது, அப்போதும் சுளித்தாள்.

"ரெண்டுமே வேண்டாம் தம்பி" என்றாள். "நான் அந்தப் படத்தைக் கொடுத்ததுக்கு அப்புறம் அங்க போனதே இல்ல. நாளைக்குப் போய் உக்காந்து பாக்கறேன். நீயும் வா. நான் யாருன்னு யாருக்கும் தெரியவேண்டாம்."

மெய்ப்பில் கையெழுத்து விழவில்லை. பதிப்பாளர் என் நாற்காலியை ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணியோடு போனேன்.

காத்திருப்பு அறை நீளமானது. ஒரு கோடியில் பால் நிறக் கண்ணாடி போட்ட கதவு. அது திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் நிமிரும், மூடியதும் குனியும். சுவரில் சத்தம் அணைத்த தொலைக்காட்சி. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பார்க்காதவர்கள்தான். அண்ணியின் படம் நான் நினைத்திருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நர்ஸ் எழுதியது உண்மை. நாற்காலிகள் நிறைந்து, சிலர் சுவரோரம் நின்றுகொண்டும் இருந்தார்கள். படத்துக்கு நேர் கீழே இருந்த நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது. பூட்டு போட்டு வைத்ததுபோல்.

அண்ணி போய் அதில் உட்கார்ந்தாள். நான் எதிர்ச் சுவரோரம் நின்றேன்.

பக்கத்தில் இருந்த பெண் உடனே திரும்பினாள். என் அக்கா வயது இருக்கும். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"அங்க உக்காராதீங்கம்மா."

"ஏன்?"

"மேல பாருங்க."

அண்ணி முதல் தடவை பார்ப்பவள்போல அண்ணாந்து பார்த்தாள். "நாற்காலிதானே இருக்கு."

"அதான். எல்லாரும் இருக்காங்க, ஒருத்தர் மட்டும் இல்ல. நான் வந்ததுமே இங்க இருந்தவங்க சொன்னாங்க. நமக்கு எதுக்கு வம்பு."

"யாரு வரைஞ்சதாம்?"

"யாரோ. இங்க வந்து காத்துக்கிடந்தவங்களா இருக்கமாட்டாங்க. இருந்தா இப்படி வரைய மனசு வருமா?"

அண்ணி எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் சற்று நேரம் அவளைப் பாவம் என்பதுபோலப் பார்த்தாள். பிறகு பாட்டிலுக்குத் திரும்பினாள்.

அந்தப் பெண்ணுக்கு மறுபக்கம் இருந்த நாற்காலியை அப்போதுதான் கவனித்தேன். அதிலும் ஆள் இல்லை. மடித்த கட்டம் போட்ட சட்டை ஒன்று இருந்தது. சட்டையின்மேல் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. உள்ளே கொண்டு போகும்முன் கழற்றிக் கையில் கொடுத்திருப்பார்கள்.

கைத்தடியோடு வந்த ஒருவர் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இது யாருதும்மா? கொஞ்சம் எடுத்தா உக்காருவேன்."

"ஆள் இருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

"எங்க?"

"உள்ள."

அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அந்த நாற்காலியை யாரும் கேட்கவில்லை. கடந்து போனவர்கள் முழங்கால் அதில் இடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். படத்துக்குக் கீழே இருந்த காலி நாற்காலியிடம் ஒதுங்கியதுபோல் அல்ல. ஆள் இருக்கிற இடத்தில் எப்படி ஒதுங்குவோமோ அப்படி.

ஆனால் காவலாளி வந்தார். "நாற்காலில சாமான் வைக்கக் கூடாதும்மா. எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க."

"சாமான் இல்லைங்க. அவர் சட்டை."

"சட்டைதானே, மடியில வச்சுக்கங்க. அவரு வந்தாலும் நேரா வார்டுக்குத்தான் கொண்டு போவாங்க. இங்க வந்து உக்காரப்போறதில்ல."

"அது எனக்கும் தெரியும்" என்றாள் அந்தப் பெண். குரல் உயரவில்லை. "இருக்கட்டும்."

காவலாளி தொப்பியைச் சரி செய்துகொண்டு நின்றார். அண்ணி எழுந்தாள். கைத்தடிக்காரரிடம் போய், "இங்க வந்து உக்காருங்க" என்று தன் இடத்தைக் காட்டினாள். அவர் மேலே பார்க்கவில்லை. உட்கார்ந்தார், தடியைக் கால்களுக்கு நடுவே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துப் பெண் அவரை எச்சரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காவலாளி, பிரச்சினை தீர்ந்ததாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள். வெகுநேரம் எதிர்ச் சுவரையே பார்த்தாள். மேலே அவள் நாற்காலி, கீழே சட்டை இருந்த நாற்காலி.

"தம்பி, கண்ணாடிக் கூடு சட்டைக் காலர் பக்கமா இருக்கா, கீழ்ப் பக்கமா?"

"காலர் பக்கம்."

"ம்."

கதவு திறந்தது. யாரோ ஒரு பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெண் எழுந்தாள். பாட்டிலை விட்டுவிட்டாள், சட்டையையும் கூட்டையும் மட்டும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் இருந்தவரை திரும்பி வரவில்லை. என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. விசாரிக்கலாமா என்று கேட்டேன். "அதைத் தெரிஞ்சுக்க நாம யாரு" என்றாள் அண்ணி. அந்த நாற்காலி காலியாகி நெடுநேரம் ஆகியும் நின்றவர்கள் அதில் உட்காரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் தானாகப் பேசினாள்.

"அன்னைக்கு உங்க அண்ணன் சட்டையை நானும் பக்கத்து நாற்காலிலதான் வச்சிருந்தேன். யாரு கேட்டாலும் ஆள் இருக்காங்கன்னுதான் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும்."

"படத்துல இல்லையே அண்ணி."

"முதல்ல இருந்துச்சு. கரிக்கோட்டுல போட்டேன். அப்புறம் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"காலியா இருந்தாதான் படம் பெருசா பேசும்னு தோணுச்சு. சட்டையைப் போட்டா வீட்டு விஷயம் மாதிரி ஆயிடும்னு." சன்னல் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. "பெருசாத்தான் பேசியிருக்கு. என்ன பேசிச்சுன்னு இன்னைக்குத்தான் எனக்குக் கேட்டுச்சு."

அவளுடைய தாள்களில் ஒன்று எனக்கு நினைவு வந்தது. அதைப் படியெடுத்தவன் நான்தான். "ஆறுதல் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓவியனுக்கு அந்த வேலை இல்லை. துயரப்படுகிறவர் பக்கத்தில் இடம் இருந்தால் போய் உட்காரலாம். பேசாமல், எதையும் மறைக்காமல் உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவு தெரிந்தால் போதும்." எழுதியவளுக்கு அதை நினைவுபடுத்துவதா என்று யோசித்தேன். அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தானே வருகிறாள்.

அன்று மாலை மீண்டும் கூடினோம். உட்கார்ந்த இடங்கள் முன்போலவே. ஒரே மாற்றம், அண்ணி தரையில் உட்காராமல் நடந்துகொண்டிருந்தாள்.

"ஆளை வரையமாட்டேன்" என்றாள். "யாரையோ பிடிச்சு அங்க உக்காரவச்சா அது பொய். சட்டையை வைக்கப்போறேன். நான் எடுத்த சட்டை."

பதிப்பாளர் தலையில் கை வைத்தார். "அட்டை அச்சாயிடுச்சு, அட்டையில நாற்காலி காலி, ஆஸ்பத்திரியில நாற்காலில சட்டை, உள்ள திறந்தா திரும்பிப் போய்க் கை வைக்கிறவன் ஓவியன் இல்லைன்னு,"

"டப்பா அடுக்கற அம்மான்னு" என்றாள் அம்மா.

"அதை எடுத்துடலாமா?" என்று நான் கேட்டேன். என் கையில் மெய்ப்பு இருந்தது.

"வேண்டாம்" என்றாள் அண்ணி. "எழுதினது இருக்கட்டும். அது பொய்யில்ல, எழுதும்போது அப்படித்தான் நம்பினேன். அட்டையும் இருக்கட்டும். படம் முடிஞ்சுடுச்சுன்னு நான் நினைச்ச நாளோட அட்டை அது. கடைசியில ஒரு பத்தி சேர்க்கறேன். எழுதிக்கோ தம்பி."

அவள் நடந்துகொண்டே சொன்னாள். நான் எழுதினேன்.

"இந்தக் கட்டுரையை எழுதியவள், இதற்கு எதிராக ஒரு முறை நடந்துகொண்டாள். பார்க்கிறவர் படத்தை முடிக்கிறார் என்று சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் அவர் முடிப்பதற்குப் பிடிமானமாக நான் ஏதாவது வைத்திருக்கவேண்டும். அழகுக்காக அதை எடுத்துவிட்டு, மீதியை அவர் தலையில் கட்டினால் அது அவருக்குக் கொடுத்த பங்கு அல்ல, நான் தட்டிக்கழித்த வேலை. எது முடிந்த படம், எது நான் பாதியில் கைகழுவிய படம் என்று எப்படித் தெரியும்? எனக்கும் தெரியவில்லை. போய் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்."

பதிப்பாளர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "புள்ளி வச்சு முடிச்சிருக்க" என்றார். அட்டையைப் பற்றி ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார்.

"எந்தச் சட்டை?" என்றான் அண்ணன்.

"அன்னைக்கு நீங்க போட்டிருந்தது. பழுப்பு."

"பழுப்பா? நீலம்னு நினைச்சேன்."

"ரெண்டும் இல்ல. சாம்பல்" என்றாள் அம்மா. "துவைச்சவ நான்."

அந்தச் சட்டை இப்போது எங்கே என்று பேச்சு வந்தது. அண்ணி சட்டென்று நின்றாள். உள்ளே போய், அவள் வரைகிற அறையின் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தூரிகை துடைக்கிற துணியைக் கொண்டு வந்தாள். அண்ணனின் சட்டை. பழசாகிவிட்டது என்று அண்ணனே எப்போதோ எடுத்துக் கொடுத்தது. உடம்பு முழுக்க எல்லா நிறமும் அப்பி, காய்ந்து, மொடமொடவென்று இருந்தது.

"இத்தனை நாளா என்னைத்தான் போட்டுத் தேய்ச்சிட்டிருந்தியா?" என்றான் அண்ணன்.

"நீங்க இல்லாம ஒரு படமும் நான் முடிச்சதில்ல போல" என்றாள் அண்ணி. அப்போதுதான் சிரித்தாள்.

அம்மா காலரைப் பிரித்துக் காட்டினாள். மடிப்புக்குள்ளே வண்ணம் படாத இடத்தில் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. அவள் யார் பக்கமும் பார்க்காமல் சட்டையை மேஜைமேல் விரித்தாள். பழைய துணி ஒன்றைப் போர்த்தி, அதன்மேல் பெட்டியை ஓட்டினாள். வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாடை கூடமெங்கும் பரவியது. காலரை நிமிர்த்தி, கைகளை உள்ளே மடித்து, கடையில் அடுக்குவதுபோல் ஒழுங்காக மடித்துக் கொடுத்தாள்.

"இப்படி மடிச்சு வரை. நாலு பேர் பாக்கற இடம்."

"அன்னைக்கு அவசரத்துல சுருட்டித்தான் வச்சிருந்தேன் அத்தை."

அம்மா யோசித்தாள். பிறகு தான் மடித்ததைத் தானே கலைத்து, பாதியாகச் சுருட்டி, அண்ணியிடம் நீட்டினாள். "உன் சமையலறை" என்றாள்.

கடிதத்தை எழுதினேன். அண்ணி சொல்லச்சொல்ல, எல்லோரும் கேட்க. "தலைமை நர்ஸ் அவர்களுக்கு. தங்கள் கடிதம் கிடைத்தது. நாற்காலியில் ஆளை வரைவதற்கில்லை. ஆனால் அங்கே இருக்கவேண்டிய ஒன்றை நான் விட்டுவிட்டேன். அதை வைத்துத் தருகிறேன். டர்பன்டைன் வாடை காத்திருப்பவர்களுக்கு ஆகாது என்பதால், படத்தைக் கழற்றிப் பொருள் வைப்பறையிலேயே வைத்திருங்கள். அங்கே வந்து வேலை செய்கிறேன். வண்ணம் காய நாளாகும், பொறுத்துக்கொள்ளவும். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில், அதே நாற்காலிக்கு மேலே மாட்டவேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். அப்படியும் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை என்றால், படத்தைக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் வருத்தப்படமாட்டேன்."

"வருத்தப்படமாட்டேன்ங்கறது உண்மையா?" என்று கேட்டேன். கடிதத்தில் பொய் இருக்கக்கூடாது.

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "வருத்தப்படுவேன், ஆனால் சண்டைக்கு வரமாட்டேன்னு மாத்து."

மாற்றினேன். முழுதும் ஒரு முறை படித்துக் காட்டினேன். மறுப்பு யாருக்கும் இல்லை. அண்ணி கையெழுத்துப் போட்டாள்; மெய்ப்பிலும் போட்டாள். பதிப்பாளர் மெய்ப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு நான்தான் போறேன். கையில கொடுத்துடறேனே" என்றான் அண்ணன்.

"வேண்டாம். தபால்ல வந்த கடிதத்துக்குத் தபால்லதான் பதில் போகணும்" என்றேன். உண்மையில், அவன் கொடுத்தால் நான்தாங்க அந்த நாற்காலி என்று ஆரம்பித்துவிடுவான் என்று பயம்.

உறையில் முகவரி எழுதினேன், கடிதத்தை மடித்து உள்ளே வைத்தேன், மூடியில் பசை தடவினேன். அம்மா பெட்டியின் சூடு ஆறாத அடிப்பக்கத்தை அதன்மேல் ஒரு நிமிடம் வைத்து எடுத்தாள். ஒட்டிக்கொண்டது. தபால் தலை ஒட்டி எழுந்தேன். பதிப்பாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார். நான் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நாற்காலியின் நடுவில் வைத்தேன்.

"ஆள் இருக்கு" என்றான் அண்ணன் அவரிடம்.

தெருக்கோடித் தபால் பெட்டியின் வாய் குறுகலானது. உறையைச் சற்றுச் சாய்த்து உள்ளே விட்டேன். அடியில் விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.